பின்கயிற்றுக்காரர் வைத்த பேர்

ஒடெசா என்ற பேரை நான் என் வாயால் ஒரே ஒரு நாள்தான் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்வதற்கு ஓர் இராணுவ முகாமுக்குள் போக வேண்டியிருந்தது.

என் கணவருக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் கயிறு கட்டும் வேலை. கப்பல் துறைக்கு வரும்போது மேலேயிருந்து இறக்கும் கயிற்றைச் சின்னப் படகில் போய்ப் பிடித்து, கரைக்கு இழுத்து வந்து இரும்புக் குற்றியில் மாட்ட வேண்டும். முன்கயிற்றுக்கு ஒரு கூட்டம், பின்கயிற்றுக்கு ஒரு கூட்டம். இவர் பின்கயிற்றுக்காரர். அதனால் எந்தக் கப்பலையும் முகத்தோடு பார்த்த மனிதர் இல்லை. பின்பக்கத்துக்குக் கீழே படகில் நின்று, கழுத்து நோக நோக அண்ணாந்து பார்ப்பதுதான் அவருடைய சீவியம். கப்பலின் பின்பக்கத்தில் அதன் பேர் எழுதியிருக்கும். அதற்குக் கீழே அது எந்த ஊர்க் கப்பல் என்பதும் எழுதியிருக்கும். அந்தக் கீழ்வரியில் இவருக்குப் பைத்தியம்.

வேலை முடிந்து பாலையூற்றில் எங்கள் வீட்டுக்கு வந்ததும், சட்டையைக் கழற்ற முதலே தொடங்கிவிடுவார்.

"இஞ்சேரும், இண்டைக்கு மொன்றோவியா வந்தது."

பக்கத்து வீட்டுக்காரி சீனி வாங்க வந்துவிட்டுப் போன மாதிரிச் சொல்லுவார். மறுநாள் வலெட்டா வரும். அதற்கடுத்த கிழமை பனாமா. நான் குசினிக்குள் நின்று, "வந்தா இருக்கச் சொல்லுங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்பேன். கலியாணம் முடித்த புதிதில் அந்தக் கதை எனக்கும் பிடித்திருந்தது. பிள்ளைக்கு அந்தப் பேர்களில் ஒன்றை வைக்கப்போவதாக மனிதர் சொன்ன அன்றோடு அந்தப் பிடிப்பு விட்டுப்போயிற்று.

"ஒரு வகுப்பில ஒரே பேரில ஆறு பிள்ளையள் இருக்குதுகள்," என்றார். "நான் இந்தத் துறையை விட்டு எங்கயும் போகப்போறதில்லை. என்ர பிள்ளை ஒரு ஊரின்ர பேரையெண்டாலும் கொண்டு திரியட்டும்."

மூத்தவள் பிறந்த அன்று துறையில் ஒரு கோதுமைக் கப்பல் நின்றது. அதன் பின்பக்கத்தில் இருந்த எழுத்து இங்கிலீசும் இல்லை. இவர் அதைப் பார்த்துப் படம் கீறுவது போல ஒரு கடதாசியில் கீறி, கப்பலால் இறங்கிய ஒரு வெள்ளைக்காரனிடம் காட்டி வாசிப்பித்திருக்கிறார். ஆசுபத்திரிக்கு வந்து கட்டிலடியில் நின்று சிரித்தார். "ஒடெசா" என்றார். பெற்ற களையோடு கிடந்த எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"பாணி மருந்துப் போத்தலில ஒட்டியிருக்கிற பேர் மாதிரிக் கிடக்கு" என்றேன்.

மனிதர் அசையவில்லை. பதிவுக்குப் போக வேண்டிய கிழமை அவருக்கு அடுத்தடுத்துக் கப்பல். ஒரு துண்டில் அந்தப் பேரை எழுதி என் கையில் தந்து, "நீரே போய்ப் பதிஞ்சிட்டு வாரும்" என்று அனுப்பினார். பதிவுகாரருடைய வாங்கில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒழுங்கான பேர்களைச் சொல்லிச் சொல்லி எழும்பிப் போனார்கள். என் முறை வந்தது. துண்டு கைப்பைக்குள்ளேயே கிடந்தது. ஐயர் குறித்துத் தந்த எழுத்தில் தொடங்கும் ஒரு பேரை, ஊரில் நூறு பேருக்கு இருக்கும் ஒரு பேரைச் சொன்னேன். பதிவுகாரர் தலையை நிமிர்த்தாமல் எழுதினார். அந்தப் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்களைத் தெரிந்தவர்கள் அவள்தான் என்று கண்டுகொள்வார்கள். மற்றப் பேரை எழுதலாம். அது எந்தக் காகிதத்திலும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார். "கவனமா அலுமாரியில வைச்சிட்டன்" என்றேன். அதோடு சரி. காகித விசயம் எதுவும் அவருக்கு ஆகாது. கூப்பன், வரி, குடும்பப் பட்டியல் எல்லாம் என் தலையில்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பத்திரத்தில் ஒரு பேரும் வீட்டில் ஒரு பேரும் இருப்பது வழமை. நான் கூப்பிடும் பேரை வீட்டுப் பேர் என்று நினைத்தார். தான் கூப்பிடும் ஒடெசாதான் பத்திரத்துப் பேர் என்று நம்பினார். உண்மை நேர் எதிராக இருந்தது. நாலு வருசமாக ஒரே வீட்டுக்குள் இந்தப் பொய்யை நான் எந்தக் கூச்சமும் இல்லாமல் வைத்திருந்தேன். சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

பிறகு நாட்டுச் சண்டை எங்கள் வாசலுக்கு வந்தது. பிள்ளைக்கு நாலு வயதாகப் போகிற நேரம், நிலாவெளியில் ஒரு செத்தவீட்டுக்குப் போய் பஸ்ஸில் திரும்பும்போது சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஓர் ஆமிக்காரன் பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, தெரிந்த தமிழில் பேர் கேட்டான். அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ஒடெசா" என்றாள். அவன் திருப்பிக் கேட்டான். பிறகு இன்னொருவனைக் கூப்பிட்டான். இது என்ன பேர், யார் வைத்தது, தகப்பன் எங்கே வேலை? துறைமுகம் என்றதும் இரண்டு பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். பஸ்ஸில் வந்த சனம் முழுவதும் ஏறிப் பார்த்துக்கொண்டிருக்க, நானும் பிள்ளையும் வெயிலில் நின்றோம்.

வீட்டுக்கு வந்து பிள்ளைக்குத் தொடையில் அடித்தேன். ஒரு அடியோடு நிற்கவில்லை. "இனி அந்தப் பேரைச் சொல்லக் கூடாது. ஆர் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அது கூடாத பேர்" என்றேன். பிறகும் இரண்டு மூன்று தரம் அடித்திருக்கிறேன். அதன் பிறகு தகப்பன் "ஒடெசா" என்று கூப்பிட்டால் அவள் முதலில் என்னைப் பார்ப்பாள். நான் இல்லை என்றால் மட்டும் ஓடிப்போவாள். அவர் இதைக் கவனித்ததேயில்லை. பயத்தில் செய்தேன் என்று சொல்லி நான் தப்பலாம். ஆனால் அந்தக் கையில் கொஞ்சம் பழைய கோபமும் இருந்தது.

அடுத்த பிள்ளை வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது மனிதர் சட்டைப் பைக்குள் ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தார். கப்பல் வரும்போதெல்லாம் அதன் ஊரை அதில் எழுதுவார். வீட்டுக்கு வந்து வாசிப்பார். "ரிகா?" நான் "வேண்டாம்" என்பேன். பேனையால் வெட்டுவார். "வல்பரைசோ?" "உங்களுக்கு விசரே?" அதையும் வெட்டுவார். தனக்கு நல்லாகப் பிடித்ததுக்கு மட்டும் என் சொல்லைக் கேளாமல் பக்கத்தில் ஒரு புள்ளடி போடுவார். இப்படி நாற்பது ஊர் வரை இருந்திருக்கும். கடற்படை இருக்கிற துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு தமிழன், வந்த கப்பல்களின் ஊர்களை வரிசையாக எழுதி, சிலதை வெட்டி, சிலதுக்குப் புள்ளடி போட்டு, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான். அது பார்க்கிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. எங்களுக்கு அது பிள்ளைப் பேர் மட்டும்தான்.

ஒரு விடியற்காலை ஆமிக்காரர் பாலையூற்றைச் சுற்றி வளைத்தார்கள். ஆம்பிளைகளைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோய், ஆளைக் காட்டிக்கொடுக்கிற, முகத்தை மூடிய தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடத்தினார்கள். இவருக்கு அவன் தலையாட்டவில்லை. வெளியே விட முதல் பையைத் தட்டிப் பார்த்தபோது கொப்பி வந்தது. மத்தியானம் விடுபட்டவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். இவர் வரவில்லை.

அடுத்த நாள் காலை, வயிற்றையும் தூக்கிக்கொண்டு, பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனேன். வேறு பெண்களும் நின்றார்கள். வெகுநேரம் கழித்து மொழிபெயர்க்கிறவர் வெளியே வந்தார். கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் மனிதர், ஐம்பது வயது இருக்கும். என் கணவரின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் கிட்டப் போனேன்.

"தங்கச்சி, உங்கட மாப்பிள்ள ஒரே கதையத்தான் சொல்றார். கொப்பியில உள்ளது கப்பல் விசயமில்லயாம், பிறக்கப்போற பிள்ளைக்குப் பாத்த பேராம். மூத்த பிள்ளைக்கும் அப்பிடி ஒரு ஊர்ப் பேர்தான் வச்சதாம். பத்திரத்தில இருக்காம். மெய்யா?"

நான் பிள்ளையை எனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"பத்திரத்தக் கொண்டுவாங்க. பேர் இருந்தா விட்டிருவாங்க. பின்னேரம் ஒரு வாகனம் வரும். அதில ஏத்தினாங்களெண்டா எங்க கொண்டுபோவாங்களெண்டு எனக்கே தெரியாது. சுறுக்கா வாங்க."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்துப் பார்த்தேன். ஏதோ நான் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் பேர் மாறிவிடும் என்பது போல. அந்த மனிதர் தன் உயிரை இந்தக் காகிதத்தில் வைத்திருக்கிறார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அடி வாங்கும்போதும், "என்ர மனுசியிட்டப் பத்திரம் இருக்கு" என்று சொல்லியிருப்பார். அதை நினைத்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. பேனையால் திருத்தலாமா என்று யோசித்தேன். முத்திரைக்கு மேலே எழுத்து ஓடியிருந்தது, ஏலாது. எரித்துவிட்டு, தொலைந்துபோனது என்று சொல்லலாம். நெருப்புப் பெட்டியையும் எடுத்தேன். இரண்டு குச்சி உரசியும் பற்றவில்லை. கடைசியில் பத்திரத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தொலைந்தது என்றே சொல்வது என்ற முடிவோடு திரும்பப் போனேன்.

என்னையும் பிள்ளையையும் உள்ளே விட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி இருந்தார். என் தம்பியின் வயது இருக்கும். முன்னால் கொப்பி திறந்து கிடந்தது. என் வயிற்றைப் பார்த்து ஒரு கதிரையைக் காட்டினார். பத்திரம் எங்கே என்று மொழிபெயர்க்கிறவர் கேட்டார்.

"இடம்பெயர்ந்த நேரம் துலைஞ்சு போச்சு" என்றேன்.

அந்த மனிதர் உடனே மொழிபெயர்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு கொப்பியைப் பார்ப்பது போலக் குனிந்து மெல்லிய குரலில் சொன்னார்.

"துலைஞ்சதெண்டா அரசாங்கக் கச்சேரியில ஆள் விட்டுப் பதிவப் பாப்பாங்க. ஒரு மணித்தியால வேல. யோசிச்சுச் சொல்லுங்க, தங்கச்சி. நீங்க சொல்றதத்தான் நான் சொல்லுவன்."

மேசையோரம் பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் திரும்பி நின்று சட்டைக்குள் இருந்து பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பேரை மாற்றிப் பதிந்தது நான்தான், அவருக்குத் தெரியாது, அந்தப் பேர் எனக்கு வெட்கமாக இருந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். மொழிபெயர்க்கிறவர் சொல்லச் சொல்ல அதிகாரியின் முகம் இறுகிக்கொண்டு வந்தது. ஒரு விரலால் பத்திரத்தைத் தட்டினார்.

"ரெண்டு பேரில ஒராள் பொய் சொல்றீங்களாம்," என்றார் மொழிபெயர்க்கிறவர். "ஆரெண்டு பாக்கப்போறாராம்."

இவரைக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் வீங்கியிருந்தது. சட்டையில் பொத்தான் இல்லை. என்னைக் கண்டதும் முகம் விரிந்தது. வந்திட்டாள், கொண்டுவந்திட்டாள் என்ற முகம். அதிகாரி பத்திரத்தை அவருக்கு முன்னால் தள்ளினார். அவர் குனிந்து வாசித்தார். பேர் இருந்த வரியில் கண் நின்றது. திரும்ப முதலிலிருந்து வாசித்தார். வேறு பிள்ளையின் பத்திரத்தைப் பிழையாகக் கொண்டுவந்திட்டேனோ என்று பார்த்திருப்பார். தகப்பனின் பேர் இருந்த வரியில் தன் பேரைக் கண்டார். பிறகு நிமிரவில்லை.

அதிகாரி எழும்பி வந்து பிள்ளையின் கையைப் பிடித்து அறையின் நடுவில் நிறுத்தினார். தகப்பனைச் சுவரோரம் நிற்கவிட்டார். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டாம். வேறு ஒன்றும் சொல்லக் கூடாதாம், கையும் காட்டக் கூடாதாம். அது அவளுடைய பேர் என்றால் போவாள்தானே.

இவர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். கூப்பிடலாமா என்று கேட்கிற பார்வை. அதிகாரி தலையசைத்தார்.

"ஒடெசா" என்றார். திரும்பவும், "ஒடெசா."

பிள்ளை தகப்பனின் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தாள். கண் வெட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் தொடையைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். வாசலில் நின்றவனுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

என் வாய் தானாகத் திறந்தது. "ஒடெசா, போங்கோ பிள்ளை. அப்பாட்டப் போங்கோ."

என் வாயிலிருந்து அந்தப் பேரை அவள் கேட்டதே இல்லை. அவளுக்கு அது இன்னும் பெரிய பயமாகப் போய்விட்டது. முகம் கோணிக்கொண்டு வந்தது.

"மாட்டன்," என்று அழத் தொடங்கினாள். "அம்மா அடிப்பா."

மொழிபெயர்க்கிறவர் அவளுக்கு முன்னால் குந்தினார். "ஏன் மகள் அடிப்பா?"

"அது அப்பா வைச்ச பேர். கூடாத பேர். திரும்பிப் பார்த்தா அம்மா தொடையில அடிப்பா."

அவர் அதை அப்படியே அதிகாரிக்குச் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை என்று நினைக்கிறேன். அதிகாரி பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொப்பியை எடுத்து, வெட்டியிருந்த ஒரு பேரில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார். ஏன் வெட்டியது என்பது கேள்வி.

"நான் வேண்டாமெண்டு சொன்னது, சேர்."

அடுத்ததைக் காட்டினார். "அதுவும் நான்தான்." அடுத்தது. "அதுவும்."

அவருக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிங்களத்தில் ஒரு வசனம் சொன்னார். மொழிபெயர்க்கிறவர் எனக்கு அதைச் சொல்லவில்லை. "மாப்பிள்ளையக் கூட்டிக்கொண்டு போங்க" என்று மட்டும் சொன்னார். வாகனம் வர இன்னும் நேரம் இருந்தது.

முகாம் வாசலால் வெளியே வந்ததும் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்து நின்றார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏச வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நாலு பேர் பார்க்க எனக்கு ஒரு அறை தந்திருந்தாலும் வாங்கியிருப்பேன். "வெயில் ஏறுது, வாரும்" என்றார். வீட்டுக்கு வந்து குளித்தார். வெறும் தேத்தண்ணி குடித்தார். படுத்தார். அதைப் பற்றி அன்றைக்கும் கதைக்கவில்லை, அதற்குப் பிறகும் கதைக்கவில்லை. பிள்ளையை அன்றிலிருந்து அவர் எந்தப் பேராலும் கூப்பிடவில்லை. "பிள்ளை, இஞ்ச வாங்கோ" என்பார். அவள் ஓடிப்போவாள். என்னைப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

ஒரு மாதத்தில் மகன் பிறந்தான். எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம் என்று நான் நினைத்தேன். மனதார நினைத்தேன். "நீங்களே ஒரு பேர் சொல்லுங்கோ," என்றேன். "எந்த ஊரெண்டாலும் பரவாயில்லை. சத்தியமா அதையே பதியுறன். நீங்களும் கூட வாங்கோ, எழுதுறதைப் பாருங்கோ." அவர், "பார்ப்பம்" என்றார். நான் ஒவ்வொரு நாளும் கேட்டேன். துறைக்கு என்ன கப்பல் வந்தது என்றும் கேட்டேன். "ஒரு கப்பல் வந்தது" என்பார். எந்த ஊர் என்று சொல்லமாட்டார்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, பிள்ளைக்குப் பேர் வைக்க ஐயர் வந்தார். தகப்பன்தான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதுக்குள் மூன்று தரம் பேரைச் சொல்ல வேண்டும். ஐயர் பேரை எழுத நெல்லைப் பரப்பிவிட்டு, "சொல்லுங்கோ" என்றார். நான் எதிரில் இருந்தேன். சொல்லப்போகிறார் என்றுதான் நம்பினேன். எவ்வளவு வாய்க்குள் நுழையாத பேராக இருந்தாலும், முதல் ஆளாக நானே அதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று இருந்தேன்.

அவர் பிள்ளையின் காதுக்குக் கிட்டக் குனிந்தார். குனிந்தபடியே நின்றார். பிறகு தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முகாமில் பிள்ளையைக் கூப்பிட முதல் அதிகாரியை அப்படித்தான் பார்த்தார்.

"என்ன பேர் சொல்ல?" என்று என்னைக் கேட்டார்.

ஐயரும் என்னைப் பார்த்தார். நெல் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஓர் ஊரின் பேரும் ஞாபகம் வரவில்லை. ஊரில் நூறு பேருக்கு இருக்கும் ஒரு பேரைச் சொன்னேன். அவர் அதையே மகனின் காதுக்குள் மூன்று தரம் சொன்னார்.